முந்தற் கரையிற் கண்ட பங்கு

கொழும்பிலிருந்து புத்தளத்தை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இலங்கையின் மேற்குக் கரையை விட்டுப் பிரியாமல் அதனோடு கூடவே நடக்கின்றது. கட்டுநாயக்காவையும் நீர்கொழும்பையும் கடந்து, சிலாபத்தை அடைந்து, முன்னேசுவரத்துக்குத் திரும்பும் வழியை வலப்புறத்தே விட்டுத் தெதுறு ஓயாவின் பாலத்தையும் தாண்டிவிட்டால், பட்டணத்தின் இரைச்சல் அடங்கிவிடுகின்றது. இருமருங்கும் தென்னந்தோப்புகள். அவற்றின் இடையிடையே கண்ணாடித் துண்டுகள் போல மின்னும் நீர்நிலைகள். காற்றிலே உப்பின் வாடை. இவ்வழியே சென்றால், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் முந்தல் என்னும் ஊர் வருகின்றது.

முந்தி நிற்பது முந்தல். நீருக்குள் முந்திக்கொண்டு நிற்கும் நிலத்துக்கு இப்பெயர் வைத்த முன்னோர் கண்ணால் கண்டதையே சொல்லாக்கினர் என்று கொள்ளலாம். ஊரின் மேற்கே முந்தற் களப்பு பரந்து கிடக்கின்றது. ஒல்லாந்தர் காலத்திலே வெட்டப்பட்ட கால்வாய் அக்களப்பைப் புத்தளக் களப்போடு இணைக்கின்றது. ஒரு காலத்தில் பாரமேற்றிய படகுகள் மிதந்து சென்ற அந்நீர்வழி இன்று ஆரவாரமின்றிக் கிடக்கின்றது. 1926 இல் புத்தளம் வரை நீண்ட இருப்புப்பாதையில் முந்தலுக்கும் ஒரு சிறிய நிலையம் உண்டு. பிரதேச செயலகமும், சந்தியைச் சூழ்ந்த சில கடைகளும், சிங்களமும் தமிழும் கலந்து ஒலிக்கும் ஒரு சந்தையுமாக ஊர் அமைந்துள்ளது. களப்புக்கு அப்பால், கடலுக்கும் நீருக்கும் நடுவே ஒடுங்கிய மணற்றிடலிலே, திரௌபதை அம்மன் குடிகொண்ட உடப்பு என்னும் தமிழ்க் கிராமம் இருக்கின்றது.

சென்ற சித்திரைப் புத்தாண்டுக்குச் சில நாட்களுக்கு முன் எங்கள் கல்லூரி உயர்தர வகுப்பு மாணவர் அறுவருடன் நான் அங்கு சென்றிருந்தேன். உடப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவன் கொழும்பிலே உறவினர் வீட்டில் தங்கி எம்மிடம் படிக்கின்றான். அவனுடைய பெற்றோரின் அழைப்பே பயணத்துக்குக் காரணம். ஆனால், எங்களுடன் ஒரு கேள்வியும் பயணம் செய்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் கல்லூரியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "உலகப் பெயர் பெற்ற சில ஆடை நிறுவனங்கள் ஏழைத் தொழிலாளரை வருத்திப் பொருள் சேர்க்கின்றன என்று கேள்விப்படுகின்றோம். புத்தாண்டுக்குப் பிள்ளைகள் அந்தப் பெயர் பொறித்த சட்டைகளையே கேட்கின்றார்கள். வாங்கிக் கொடுப்பது தருமமா? அவற்றை ஒதுக்கிவிட வேண்டாமா?" என்று வினவினார். கூட்டத்தில் ஒருவரும் நேரான விடை கூறவில்லை. மாணவர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். பஸ் வண்டியிலும் அதே வாதம். ஐவர் ஒதுக்கவேண்டும் என்றனர். உடப்பு மாணவன் மட்டும் சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டு மௌனமாக இருந்தான்.

அன்று மாலை கடற்கரையிலே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைவலையை வாசகர் பலர் கண்டிருப்பர். வள்ளத்திலே வலையை ஏற்றிச் சென்று கடலில் வளைத்து விட்டு, அதன் இரு கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு அணியாக இழுப்பர். உடப்பின் அம்பாப் பாட்டு தமிழ்நாட்டார் பாடல்களை ஆராய்வோர் நன்கு அறிந்த ஒன்று. ஒருவர் முதலடியை எடுக்க மற்றையோர் தொடர, அத்தாளத்திலே கால்கள் மணலில் ஊன்றி ஊன்றிப் பின்வாங்குகின்றன. சில கரைகளில் இன்று உழவு இயந்திரம் இழுக்கின்றது. அங்கே பாட்டுக்கு வேலையில்லை.

வலையின் மடி கரையேறியதும் மாணவர்கள் மீனைப் பார்த்தார்கள். நான் பங்கு பிரிக்கும் முறையைப் பார்த்தேன். மீன் அங்கேயே விலைபேசப்படுகின்றது. வலையும் வள்ளமும் உடையவருக்கு இவ்வளவு, இழுத்தவர்களுக்கு இவ்வளவு என்று கணக்கு நடக்கின்றது. உடையவரின் பங்கு பெரிது. அது நீதியான பங்கு என்று எப்பொழுதும் கூறிவிட முடியாது. இழுத்தவர்கள் முணுமுணுப்பதையும் கேட்டேன். ஆயினும் ஒன்று: எத்தனை மீன் வந்தது, என்ன விலைக்குப் போனது, யாருக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதெல்லாம் வெயிலிலே, எல்லார் கண்முன்னே நடக்கின்றன. முணுமுணுக்கவேனும் ஒருவனுக்கு விவரம் தெரிந்திருக்கின்றது.

மறுநாட் காலை களப்போரமாக நடந்தோம். கரை நெடுகிலும் சதுரஞ் சதுரமாக வெட்டப்பட்ட குளங்கள். சிலவற்றில் நீரைக் கலக்கும் சக்கரங்கள் சுழன்றன. சிலவற்றில் புல் முளைத்திருந்தது. இவை இறால் வளர்க்கும் குளங்கள். 1980 களிலே வெளிநாட்டுச் சந்தையை நம்பி இக்கரையெங்கும் இறாற் பண்ணைகள் பெருகின. கண்டற் காடுகள் பல அழிந்தன. 1996 இல் வெண்புள்ளி நோய் வந்து இறாலை அழித்தபோது பண்ணைகள் பல மூடுண்டன. பணம் போட்ட பெரியவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். கண்டலும் இறாலும் இரண்டும் இல்லாத கரை ஊராருக்கு எஞ்சியது. கடற்றொழிலாளருக்கு இன்னொரு பாடமும் உண்டு. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்க இலங்கை போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் நம் நாட்டு மீனுக்குத் தடை விதித்தது. அது நீங்க 2016 ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது. தடைக்குக் காரணம் இருந்தது. ஆனால் குற்றஞ் செய்த படகையும் செய்யாத படகையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. எங்கோ இருக்கும் வாங்குவோன் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அலை வந்து மோதுவது இத்தகைய கரையில்தான்.

இனி, ஆடையின் கதைக்கு வருவோம். அதற்காக நாம் வேறு வழியே செல்லவேண்டியதில்லை. முந்தற் சந்தியை ஊடறுக்கும் அதே நெடுஞ்சாலை தெற்கே நூறு கிலோமீற்றருக்குக் குறைந்த தூரத்திற் கட்டுநாயக்காவை அடைகின்றது. 1978 இல் இலங்கையின் முதலாவது சுதந்திர வர்த்தக வலயம் அங்கேதான் அமைக்கப்பட்டது. நாட்டின் நாற்றிசையிலிருந்தும் இளம் பெண்கள் அங்கு திரண்டனர். யப்பானிய தையல் இயந்திரம் ஒன்றின் பெயரால் ஊரார் அவர்களை 'ஜூக்கிப் பெண்கள்' என்று ஏளனமாக அழைத்தனர். ஒரு மனிதப் பிறவிக்கு அவள் கைபட்ட இயந்திரத்தின் வர்த்தகப் பெயரையே சூட்டிய கொடுமை அது. 1984 இல் அப்பெண்களுக்காக 'தாபிந்து', அதாவது 'வியர்வைத் துளி', என்னும் சிங்களப் பத்திரிகை தோன்றியது. 1992 இல் அரசாங்கம் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தைத் தொடங்கியது. இன்று நாட்டின் பண்ட ஏற்றுமதியில் ஆடைக்கே முதலிடம். மூன்று இலட்சம் பேர் வரையில், பெரும்பாலும் பெண்கள், அதனால் நேரே பிழைக்கின்றனர். மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர், நைக், விக்ரோறியாஸ் சீக்ரெட் முதலிய உலகப் பெயர்களெல்லாம் இலங்கையிற் தைத்த ஆடையை வாங்குகின்றன.

புத்தாண்டுக்குத் தொழிற்சாலைகள் மூடப்பட்ட நாள் அது. பிற்பகல் முழுவதும் கட்டுநாயக்காப் பக்கமிருந்து வந்த வண்டிகள் சந்தியிலே பெண்களை இறக்கிவிட்டுச் சென்றன. ஒவ்வொருத்தி கையிலும் இரண்டு பை. ஒன்றிலே துணி, மற்றதிலே வீட்டாருக்கு வாங்கிய பண்டங்கள். மாணவர் ஐவரும் தேநீர்க் கடையில் அமர்ந்து, எந்த நிறுவனத்தை ஒதுக்கவேண்டும், எதனை விடலாம் என்று பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். உடப்பு மாணவன் அப்பொழுதுதான் வாய் திறந்தான். "இந்தப் பட்டியலில் மூன்றாவது பெயருக்குத்தான் எங்கள் அக்கா தைக்கிறா. நான் கொழும்பில் டியூசனுக்குப் போவது அந்தக் காசில். இப்ப வாற பஸ்ஸில் அவ வருவா" என்றான். பென்சில் மேசைமேல் நின்றுவிட்டது.

இரவு உணவின் பின் முற்றத்தில் அமர்ந்து அத்தமக்கையிடமே எங்கள் கேள்வியை வைத்தோம். அவள் சிரித்தாள். "சேர், நான் ஒரு சட்டை தைக்கிறதில்லை. ஆறு வருசமா பொக்கற் மட்டும்தான் வைக்கிறேன். பக்கத்துப் பிள்ளை கொலர். அதுக்கடுத்த பிள்ளை கை. மணித்தியாலத்துக்கு இத்தனை என்று டார்கெட். சட்டை முழுசா எப்படி இருக்கும் என்று லைன் முடிவில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அது என்ன விலைக்குப் போகுது என்று அங்கேயும் தெரியாது" என்றாள்.

அவள் தன் இடத்தைப் பற்றிக் குறையும் நிறையும் ஒருங்கே கூறினாள். கட்டடம் உறுதியானது. காற்றோட்டம் உண்டு. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கிடையாது. ஆனால் ஒரு நாள் காய்ச்சலிற் படுத்தாலும் வரவுக்கான கொடுப்பனவு கைநழுவிப் போய்விடும். தங்கும் அறைக்கும் சோற்றுக்கும் கொடுத்த பின் வீட்டுக்கு அனுப்பக் கிடைப்பது மேலதிக நேர வேலையின் காசுதான். சட்டப்படியான குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் விலைகள் ஏறி நிற்கும் உயரத்தை அறிந்த குடும்பத் தலைவிகள் இத்தொகையின் பெறுமதியைத் தாமே கணித்துக்கொள்வர்.

"அப்படியானால் அந்தச் சட்டையை நாங்கள் வாங்காமல் விடுவதா, அக்கா?" என்று ஒரு மாணவன் கேட்டான். "வாங்காதீங்க என்று சொன்னா ஓடர் குறையும். ஓடர் குறைஞ்சா முதல்ல வீட்டுக்கு அனுப்புறது எங்களைத்தான், தம்பி. முதலாளியை இல்லை. எங்களுக்கு ஒரு சங்கம் இருந்து, சங்கம் வாங்காதீங்க என்று கேட்டா, அப்ப வாங்காதீங்க. அதுவரைக்கும் கேள்வி கேளுங்க" என்றாள் அவள்.

இதைக் கேட்ட எனக்கு நம் பாட்டனார் காலத்து வரலாறு நினைவுக்கு வந்தது. துணியை ஒதுக்குவது தமிழருக்குப் புதிய நோன்பன்று. 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து ஊரூராகக் கதர் நிதி திரட்டினார். யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரசார் அவரை வரவேற்றனர். அந்நியத் துணியைத் தீயிலிடச் சொன்னவர் அவர். எனினும், 1931 இல் வட்டமேசை மாநாட்டுக்கு இங்கிலாந்து சென்றிருந்தபொழுது, அவர் செய்த ஒரு செயலைப் பலர் மறந்துவிடுகின்றோம். இந்தியாவின் புறக்கணிப்பும் சேர்ந்து வேலையிழக்கச் செய்த இலங்காஷயர் ஆலைத் தொழிலாளரை அவர்களுடைய ஊருக்கே சென்று சந்தித்தார். தம் கொள்கையை அவர் மாற்றவில்லை. ஆனால் தம் கொள்கை யாருடைய உலையைக் குளிரச் செய்ததோ அவர்களின் முகத்தைப் பார்த்து, அதன் காரணத்தைச் சொன்னார். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரத்துடன் வரவேற்றனர். புறக்கணிப்பு ஒரு பெரிய ஆயுதம். அதை எடுப்பவன் அது படும் முகத்தையும் பார்க்கக் கடமைப்பட்டவன்.

பாராமல் எடுத்ததனால் விளைந்த தீங்குக்கும் சான்று உண்டு. 1990 களின் தொடக்கத்தில், பிள்ளைகளின் உழைப்பால் ஆன பண்டங்களைத் தடைசெய்யும் மசோதா ஒன்று அமெரிக்கச் சட்டசபையில் முன்வைக்கப்பட்டது. மசோதா சட்டமாகுமுன்னரே, அச்சங் கொண்ட பங்களாதேஷ் ஆடை முதலாளிகள் பல்லாயிரம் சிறுவர் சிறுமியரை ஒரேயடியாக வேலையினின்று நீக்கினர். அவர்கள் பள்ளிக்கூடம் போகவில்லை. பலர் கல்லுடைக்கவும் அதனினும் இழிந்த தொழில்களுக்கும் போனார்கள் என்று பின்னர் ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியம் எழுதிற்று. 1995 இல் முதலாளிகளின் சங்கமும் அந்நிதியமும் சர்வதேச தொழில் தாபனமும் ஓர் உடன்படிக்கை செய்து, பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்த்து உதவிப்பணமும் அளித்த பிறகே அத்தீங்கு ஓரளவேனும் திருத்தப்பட்டது. எமது நாட்டிலும், மனித உரிமைக் காரணங்களைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஓகஸ்டில் வரிச்சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதத்திலேயே அது மீண்டது. குற்றச்சாட்டு அரசின்மேல். அந்த ஏழாண்டுப் பளு இறங்கிய இடமோ தையல் இயந்திரத்தின் முன்.

அப்படியாயின் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா என்றால், அதுவும் தகாது. 2013 ஏப்ரல் 24 ஆம் நாள் டாக்காவின் அருகே றானா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து, ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டும், தொழிலாளர் உள்ளே அனுப்பப்பட்டனர். அதன்பின் நேர்ந்தது என்ன? தொழிற்சங்கங்களும் உலகின் இருநூறுக்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்களும், சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன. நிறுவனங்கள் அந்நாட்டை விட்டு ஓடியிருந்தால் இது நடந்திராது. வாங்குவோர் வாய் மூடியிருந்தாலும் நடந்திராது.

கடல் கடந்தால் தமிழ்நாட்டிலும் இதே பாடம். அங்குள்ள நூலாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரிலே, மூன்றாண்டு முடிவிற் கலியாணச் செலவுக்கு ஒரு தொகை தருவதாகக் கூறி ஏழைப் பெண்களை விடுதிகளில் அடைத்து வேலைவாங்கிய வழக்கம் இருந்தது. மங்கலச் சொல் ஒன்றை விலங்காக மாற்றிய வித்தை அது. பின்னர் 2021 ஜனவரியில் திண்டுக்கல்லில், எச் அன்ட் எம் நிறுவனத்துக்குத் தைத்த தொழிற்சாலையொன்றின் இளம் பெண் தொழிலாளி ஒருத்தி தன் மேற்பார்வையாளனாற் கொலையுண்டாள். அங்குள்ள தொழிற்சங்கத்துப் பெண்கள் கேட்டது, எச் அன்ட் எம் சட்டையை வாங்காதீர்கள் என்பதன்று. நிறுவனம் விலகி ஓடாமல் நின்று பொறுப்பேற்கவேண்டும் என்றே கேட்டனர். 2022 ஏப்ரலில், பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கத் தொழிற்சங்கமும் உற்பத்தியாளரும் எச் அன்ட் எம்மும் கையொப்பமிட்ட திண்டுக்கல் உடன்படிக்கை பிறந்தது. பெண்கள் தாமே தொழிற்கூடத்திற் கண்காணிப்பாளராயினர்.

உடப்புத் தமக்கை முற்றத்தில் இருந்து சொன்னதும், இச்சம்பவங்கள் சொல்வதும் ஒன்றே. தைப்பவர் பேசக்கூடிய இடத்தில் அவர் சொல்வதைக் கேட்டு நடக்கவேண்டும். அவர் ஒதுக்கச் சொன்னால் ஒதுக்கவேண்டும். நிற்கச் சொன்னால் அவருடன் நிற்கவேண்டும். தைப்பவரோ பஞ்சு பறிப்பவரோ பேசவே முடியாதபடி வலுக்கட்டாயமாக வேலைவாங்கப்படும் இடமாயின், அங்கே ஒதுக்குவதே தருமம். சீனாவின் சின்ஜியாங் பிரதேசத்துப் பருத்தியைப் பற்றிய இத்தகைய குற்றச்சாட்டுகளாலேயே அமெரிக்கா 2022 ஜூன் முதல் அங்கிருந்து வரும் பண்டங்களைத் தடுத்து வருகின்றது. சீன அரசாங்கம் அக்குற்றச்சாட்டை மறுக்கின்றது.

இனி, நம் கடைத்தெருவின் நிலையையும் மறவாமல் நோக்குவோம். புத்தாண்டுக்காக முந்தற் சந்தியில் விரித்திருந்த துணிக்கடைகளில் உலகப் பெயர் பொறித்த சட்டைகள் குவிந்து கிடந்தன. அவற்றுட் சில, தொழிற்சாலையில் எஞ்சியவையும் குறை கண்டு கழித்தவையும். கழுத்துப் பட்டியைக் கத்தரித்தோ கோடு கிழித்தோ விற்பர். வேறு சில, பெயரை மட்டும் திருடி அச்சடித்த போலிகள். இவற்றை ஒதுக்கினாலும் வாங்கினாலும் இலண்டனிலோ நியூயோர்க்கிலோ இருக்கும் நிறுவனத்தின் கணக்கேட்டில் ஒரு சதமும் அசையாது. நம் பிள்ளைகள் ஆண்டில் மிகுதியான நாள் உடுக்கும் பாடசாலைச் சீருடைத் துணியோ அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது. அதற்குப் பெயர்ச் சின்னமே இல்லை. ஆகையால், மேனாட்டுத் தாய் ஒருத்தி கைக்கொள்ளும் ஒதுக்கற் பட்டியலை அப்படியே படியெடுத்து நம் சுவரில் ஒட்டிக்கொள்வதனால் மனநிறைவு கிடைக்கலாம். தைப்பவளுக்கு ஒன்றும் கிடைக்காது.

ஆயின் பெற்றோர் செய்யத்தக்கது யாது? பிள்ளை ஒரு பெயரைக் கேட்டு அடம்பிடிக்கும்போது, அச்சட்டையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டுங்கள். எந்நாட்டிற் தைத்தது என்று சிறு பட்டி கூறும். நைக் நிறுவனம் 2005 இலேயே தான் வாங்கும் தொழிற்சாலைகளின் பெயர்களை வெளியிட்டது. பின்னர் பல நிறுவனங்கள் அவ்வழியைப் பின்பற்றின. கைத்தொலைபேசியிற் பந்தாட்டப் புள்ளிகளைத் தேடும் பிள்ளைக்கு இந்தப் பட்டியலைத் தேடுவது கடினமன்று. அதில் இலங்கை ஊர்களின் பெயரைக் கண்டால், சட்டை அவனுக்கு விளம்பரமாக அன்றி ஓர் அயலவரின் கைவேலையாகத் தோன்றும். வெளிநாட்டில் வாழும் உறவினர் உண்டெனில், அவர்களுக்கு இன்னும் அதிக வலிமை உண்டு. நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி, தைப்பவருக்குச் சங்கம் அமைக்க இடமுண்டா, கூலி வாழப் போதுமா என்று கேட்கச் சொல்லுங்கள். 2020 இல் தொற்றுநோய் பரவியபோது, தைத்து முடித்த ஆடைகளுக்கே பணம் தர மறுத்த நிறுவனங்கள் பல, பொதுமக்களின் கேள்வி வலுத்த பின்பு பணம் கொடுத்தன. கேள்விக்குப் பலன் உண்டு.

அடுத்தது சிக்கனம். சட்டையின் சில்லறை விலையில் தைத்தவரின் கூலி நூற்றுக்குச் சில வீதம் மட்டுமே. பெயருக்காகக் கொடுக்கும் மிகுதிப் பணம் அவளை அடைவதில்லை. அந்த மிகுதியைக் கொடாமல் விடுவதற்கு எந்தப் பட்டியலும் வேண்டியதில்லை. நல்ல துணியாகப் பார்த்து இரண்டு வாங்கி, பொத்தான் போனால் தைத்து, அண்ணன் உடுத்ததைத் தம்பிக்கு மடித்து வைத்த பழைய வீட்டு வழக்கம் வறுமையின் அடையாளமன்று. பிறர் உழைப்புக்குச் செய்யும் மரியாதை.

மூன்றாவதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகின்றேன். தூரத்து நிறுவனத்தின் தருமத்தை ஆராயும் குடும்பங்களிற் பல, கார்மென்ட்டில் வேலைசெய்த பெண் என்றால் கலியாணப் பேச்சையே முறித்துவிடுகின்றன. தம்பியைப் படிக்கவைத்த கையை அந்தத் தொழிலுக்காகவே இழிவாகப் பார்க்கின்றோம். 2011 மே மாதம் கட்டுநாயக்காத் தொழிலாளர், தம் சேமிப்பைக் கைவைக்கும் ஓய்வூதிய மசோதாவை எதிர்த்து வீதிக்கு வந்தனர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு ரொஷேன் சானக்க என்னும் இளைஞர் பலியானார். மசோதா மீளப் பெறப்பட்டது. அந்நாளில் அவர்களுக்காகக் குரல் கொடுத்த குடும்பங்கள் எத்தனை? நம் தெருவில் வசிக்கும் தையற் பெண்ணை மதியாதவர், சட்டையின் பெயரை மட்டும் ஒதுக்கி என்ன பயன்?

சிவபக்தருக்குத் துணி கொடுப்பதையே தொண்டாகக் கொண்ட அமர்நீதி நாயனாரின் கதை நம் பிள்ளைகள் அறிந்ததே. ஒரு சிறு கோவணத்துக்கு ஈடாகத் தம் கடைத் துணி முழுவதையும், செல்வத்தையும், கடைசியில் மனைவி மக்களோடு தம்மையும் தராசில் ஏற்றினார். ஒரு முழத் துணிக்குள் எவ்வளவு பாரம் அடங்கியிருக்கக்கூடும் என்பதை அக்கதையை விடத் தெளிவாகச் சொல்லும் கதை இல்லை.

உடப்பிலே ஆடி மாதத்தில் தீமிதித்து வழிபடப்படும் திரௌபதை அம்மனும் துணியோடு தொடர்புபட்ட தெய்வமே. அவளுடைய சேலை வளர்ந்த அற்புதத்தை எல்லாரும் நினைக்கின்றோம். அதற்கு முன் அவள் சபையை நோக்கி ஒரு கேள்வி கேட்டாள் என்பதையும் நினைக்கவேண்டும். பெரியோர் நிறைந்த அச்சபை விடை கூறாது தலைகுனிந்து இருந்தது. விகர்ணன் அவள் பக்கம் பேசினான். மகாபாரதம் அந்தச் சபையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, அது செய்த செயலுக்காக மட்டுமன்று, காத்த மௌனத்துக்காகவும்தான்.

கரைவலையின் பங்கு வெயிலிலே பிரிக்கப்படுகின்றது. சட்டையின் பங்கு இருளிலே பிரிக்கப்படுகின்றது. அதை வெயிலுக்குக் கொண்டுவரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதுதான் நம் கடமை. பெற்றோரே, பிள்ளைக்குப் புத்தாடை வாங்குங்கள். அதனோடு, "இதைத் தைத்தவருக்கு எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஆடை அடுத்த ஆண்டுக்குள் சிறுத்துவிடும். அந்தப் பழக்கம் அவனோடு சேர்ந்து வளரும்.